இங்கிலாந்தின் புதிய வாடகைச் சட்டம்: வாய்மொழி ஒப்பந்தத்தில் குடியிருப்போருக்கு எந்த அளவுக்குப் பாதுகாப்பு?

இங்கிலாந்தில் தனியார் வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்போரைக் காரணம் எதையும் கூறாமலேயே வெளியேற்றுவதற்கு வீட்டு உரிமையாளர்களுக்கு இருந்துவந்த அதிகாரத்தை நீக்கும் சட்டம், 2025 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27 ஆம் தேதி அரச ஒப்புதலைப் பெற்றது. வாடகைதாரர் உரிமைகள் சட்டம் என்ற இந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளுக்கு 2026 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் தேதி தொடக்க நாளாக நிர்ணயிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் தனியாரிடம் வாடகைக்குக் குடியிருக்கிறது. லண்டன் நகரில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களிடையே வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். பல ஆண்டு உழைப்பில் இரண்டாவது வீடொன்றை வாங்கி அதை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சட்டம் இரு தரப்பாரையும் பாதிக்கிறது.

ஆனால், சட்டம் தருகின்ற பாதுகாப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒருவர் வாடகை கொடுக்கிறார் என்பதனால் மட்டும் அவர் சட்டத்தின் பார்வையில் முழு உரிமை பெற்ற வாடகைதாரர் ஆகிவிடுவதில்லை. உறவினர் வழியாகவோ ஊர்க்காரர் வழியாகவோ ஓர் அறையைப் பெற்று, கையில் பணமாக வாடகை கொடுத்து, எழுத்தில் எதுவும் இல்லாமல் குடியிருக்கும் பலருக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

பிரிவு 21 வந்ததும் போனதும்

இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் கடந்த ஒரு நூற்றாண்டாக இரு திசைகளிலும் மாறி மாறி அசைந்து வந்திருக்கிறது. 1957 ஆம் ஆண்டு கன்சர்வேடிவ் அரசு வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன் பின்னர் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்ற வீட்டு உரிமையாளர் குடியிருப்போரை மிரட்டி வெளியேற்றிய விதம் 1963 இல் பெரும் அரசியல் விவகாரமானது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்து, வேறிடத்தில் வீடு கிடைக்காமல் தவித்த குடியேறிகள் பலர் அவரிடம் வாடகைக்கு இருந்தனர். 1965 ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்கு மீண்டும் பாதுகாப்பளித்தது.

மார்கரெட் தாட்சர் ஆட்சியில் நிறைவேறிய 1988 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் மறுபடியும் திசையை மாற்றியது. வாடகைக்கு வீடு விட முன்வருவோரின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 21 ஆவது பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னர் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து, காரணம் எதையும் சொல்லாமல் வீட்டைத் திரும்பப் பெறலாம். 1997 முதல் இவ்வகைக் குறுகிய கால ஒப்பந்தமே பொது விதியானது.

இந்தப் பிரிவை நீக்குவதாக 2019 ஏப்ரலில் தெரசா மே அரசு அறிவித்தது. அதற்கான மசோதா 2023 இல்தான் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 2024 பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அது காலாவதியானது. பின்னர் ஆட்சிக்கு வந்த லேபர் அரசு 2024 செப்டம்பரில் புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. இரு பெரும் கட்சிகளும் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்ட ஒரு சீர்திருத்தம் சட்டமாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஐக்கிய ராஜ்ஜியத்தின் மற்றப் பகுதிகளில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் முதலே காரணமின்றி வெளியேற்ற முடியாது. வேல்ஸில் 2022 டிசம்பர் முதல் தனிச்சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வட அயர்லாந்துக்கும் தனியான விதிகள் உள்ளன. எனவே, லண்டனில் இருக்கும் உறவினர் சொல்லும் ஆலோசனை கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ இருப்பவருக்குப் பொருந்தும் என்று கருத முடியாது.

புதிய விதிகள் சொல்வது என்ன?

புதிய சட்டத்தின் கீழ் ஆறு மாதம், ஓராண்டு என்ற நிர்ணயிக்கப்பட்ட ஒப்பந்தக் காலம் கிடையாது. ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் தொடர்ந்துகொண்டே இருக்கும். குடியிருப்பவர் வெளியேற விரும்பினால் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்தால் போதும்.

உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறச் சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். வீட்டை விற்க விரும்புவது, தானோ தனது நெருங்கிய குடும்பத்தினரோ அதில் குடியேற விரும்புவது ஆகியன ஏற்கத்தக்க காரணங்களே. ஆனால் அதற்கு நான்கு மாத அறிவித்தல் தேவை. குடியமர்ந்த முதல் 12 மாதங்களுக்குள் வெளியேற்ற இந்தக் காரணங்களைப் பயன்படுத்த முடியாது. இவற்றைக் கூறி வீட்டைத் திரும்பப் பெற்ற உரிமையாளர், அதை அடுத்த 12 மாதங்களுக்கு வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. விற்பதாகச் சொல்லி வெளியேற்றிவிட்டுக் கூடுதல் வாடகைக்கு ஆள் தேடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே உயர்த்தலாம். அதற்கென உள்ள படிவத்தில் இரண்டு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். உயர்வு சந்தை நிலவரத்தை மீறியது என்று குடியிருப்பவர் கருதினால் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உரிமையாளர் கேட்ட தொகைக்கு மேலாகத் தீர்ப்பாயம் வாடகையை நிர்ணயிக்க முடியாது என்பதால், முறையிடுவதால் நிலைமை மோசமாகிவிடுமோ என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லை. அதேவேளை, இது வாடகைக் கட்டுப்பாடு அல்ல. சந்தையில் வாடகை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உயர்த்த உரிமையாளருக்குத் தடை இல்லை.

விளம்பரத்தில் குறிப்பிட்ட தொகையைவிடக் கூடுதலாகத் தர முன்வருபவரிடமிருந்து அதை ஏற்பதும், குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவோ அரசு உதவித்தொகை பெறுகிறார் என்பதற்காகவோ ஒருவருக்கு வீடு தர மறுப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டத்தை மீறுவோருக்கு உள்ளூராட்சி மன்றங்கள் 7,000 பவுண்டுகள் வரையிலும், கடுமையான அல்லது திரும்பத் திரும்பச் செய்யும் மீறல்களுக்கு 40,000 பவுண்டுகள் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

முன்பே உள்ள சட்டங்களும் தொடர்ந்து செல்லுபடியாகின்றன. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுகளுக்குக் குறைவான வீடுகளுக்கு டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அந்தத் தொகையை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். தவறினால், டெபாசிட்டின் மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கூரை, சுவர், தண்ணீர்க் குழாய், வெப்பமூட்டும் சாதனம் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை. எரிவாயு சாதனங்களை ஆண்டுதோறும், மின் இணைப்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும்.

ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வீட்டுச் சுவர்களில் படர்ந்திருந்த பூஞ்சணத்தால் ஏற்பட்ட சுவாசக் கோளாறில் உயிரிழந்தது. பெற்றோர் முறையிட்டபோது அவர்களுடைய வாழ்க்கை முறையே ஈரக்கசிவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் அவாப் சட்டம், குறித்த காலத்துக்குள் பூஞ்சணத்தைச் சீர்செய்யச் சமூக வீட்டு நிறுவனங்களை 2025 அக்டோபர் முதல் கட்டாயப்படுத்துகிறது. இதனைத் தனியார் வீடுகளுக்கும் விரிவுபடுத்தப் புதிய சட்டம் வழி செய்கிறது. சமைக்கும் ஆவியால்தான் பூஞ்சணம் வருகிறது என்ற பதிலைக் கேட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

சமையலறை யாருடையது?

இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை, தனி வீட்டையோ தனி அறையையோ வாடகைக்குப் பெற்று, உரிமையாளர் அதே வீட்டில் வசிக்காத நிலையில் குடியிருப்பவர்களுக்கே உரியவை. உரிமையாளர் தானும் அதே வீட்டில் வசித்துக்கொண்டு, தனது சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்பவருக்கு நியாயமான கால அறிவித்தல் மட்டும் கொடுத்தால் போதும். அவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை வாடகை கொடுப்பவருக்கு அந்த நியாயமான காலம் பொதுவாக ஒரு வாரமாகவே இருக்கக்கூடும். டெபாசிட்டைக் காப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் விதியும் அவருக்குப் பொருந்தாது.

இதற்கு இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. உரிமையாளர் அதே வீட்டின் வேறொரு பகுதியில் வசிக்கிறார், ஆனால் சமையலறையும் குளியலறையும் தனித்தனி என்றால், குடியிருப்பவரை வெளியேற்றக் குறைந்தது நான்கு வார அறிவித்தலும் நீதிமன்ற உத்தரவும் வேண்டும்.

ஆகவே, யாருடைய சமையலறையில் சமைக்கிறோம் என்ற கேள்விக்கான பதில், ஒருவரின் சட்ட உரிமையையே தீர்மானிக்கிறது. புதிதாக வந்திறங்கும் மாணவரும், பணி விசாவில் வருபவரும், அகதி அந்தஸ்து கிடைத்ததும் அரசு தங்குமிடத்தை விட்டு வெளியேற வேண்டியிருப்பவரும் முதலில் தஞ்சம் புகும் இடம் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டின் ஓர் அறைதான். மிகக் குறைந்த பாதுகாப்புள்ள இடத்தில், மிக அதிகமாகப் பாதுகாப்புத் தேவைப்படுவோர் வாழ்கின்றனர். அவர்களில் பலரது விசாவில் அரசு உதவி பெறத் தடை விதிக்கும் நிபந்தனையும் இருப்பதால், திடீரென வெளியேற நேர்ந்தால் அரசிடமிருந்து கிடைக்கக்கூடிய உதவியும் மிகக் குறைவு.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் உரிமையே இல்லை என்பது தவறான எண்ணம். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் ஆங்கிலச் சட்டத்தில் செல்லும். ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியமல்ல, குடியிருப்பவருக்கு அந்த இடத்தின் மீது தனிப்பட்ட அனுபோகம் இருக்கிறதா என்பதே முக்கியம் என்று பிரபுக்கள் சபை 1985 இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. "நீர் வெறும் விருந்தாளிதான்" என்று உரிமையாளர் சொல்லிவிடுவதால் ஒருவர் விருந்தாளி ஆகிவிடமாட்டார். ஆனால் அதை நிரூபிக்கச் சான்று வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லாதபோது நியாயமும் சான்றில்லாமல் போகிறது. வங்கி வழியே வாடகை செலுத்துவதும், பழுது குறித்த முறைப்பாட்டைக் குறுஞ்செய்தியிலாவது அனுப்புவதும் பின்னாளில் கைகொடுக்கும்.

பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, உடைமைகளைத் தெருவில் வைப்பது போன்றவற்றால் வாடகைதாரரை வெளியேற்றுவது 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். நீதிமன்றம் அனுப்பும் அமலாக்க அதிகாரிகள் மட்டுமே ஒரு வாடகைதாரரை வெளியேற்ற முடியும்.

குடியேற்ற நிலையும் வீட்டுக் கதவும்

2016 பிப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும், வாடகைக்கு வருபவருக்கு நாட்டில் தங்கும் உரிமை இருக்கிறதா என்று பரிசோதிக்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளர்மேல் சுமத்தப்பட்டுள்ளது. தன் வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுபவருக்கும் இது பொருந்தும். 2024 பிப்ரவரியில் அபராதங்கள் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. முதல் தவறுக்கு, வீட்டோடு தங்கவைத்த ஒருவருக்கு 5,000 பவுண்டுகள் வரையும், தனியாகக் குடியமர்த்திய ஒருவருக்கு 10,000 பவுண்டுகள் வரையும் விதிக்கப்படலாம். மீண்டும் தவறினால் இவை இரட்டிப்பாகும். உதவி செய்யும் எண்ணத்தில் ஊர்க்காரருக்கு அறை கொடுத்தவரும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

இந்தத் திட்டம் பாகுபாட்டுக்கு வழிவகுக்கிறது என்று 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஓரளவு பாகுபாடு ஏற்படுவதை ஏற்றுக்கொண்டபோதும், திட்டம் சட்டப்படி நியாயப்படுத்தத்தக்கதே என்று கூறியது. புதிய வாடகைச் சட்டம் இந்தத் திட்டத்தை நீக்கவில்லை. கடவுச்சீட்டு கையில் இல்லாதவர், இணையவழி விசாவின் குறியீட்டு எண்ணைக் காட்டித் தன் உரிமையை நிரூபிக்கலாம். ஆனாலும், சிக்கல் வேண்டாம் என்று எண்ணும் உரிமையாளர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவரையே தேர்ந்தெடுப்பதற்கான தூண்டுதல் அப்படியேதான் இருக்கிறது.

முன்பண விதியும் எதிர்பாராத விளைவை உண்டாக்கக்கூடும். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே கேட்கக்கூடாது என்பது சாதாரணக் குடும்பங்களுக்கு நன்மை. ஆனால், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ படிக்க வரும் மாணவருக்குப் பிரிட்டனில் உத்தரவாதம் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்துத்தான் பலர் வீடு பெற்றுவந்தனர். அந்த வழி அடைபடும்போது, அவர்களில் சிலர் சட்டப் பாதுகாப்புக் குறைந்த அறைகளை நோக்கியே தள்ளப்படலாம்.

உரிமையாளர்களின் கவலை

வீட்டு உரிமையாளர் என்றாலே பெரும் செல்வந்தர் என்று பொருளல்ல. கடன் வாங்கி ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, அதையே முதுமைக்கால வருமானமாக நம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2017 இலிருந்து 2020 வரை படிப்படியாகச் செய்யப்பட்ட வரி மாற்றத்தால், வீட்டுக்கடன் வட்டிக்குக் கிடைத்துவந்த வரிச்சலுகை 20 சதவீத அளவுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. வட்டி விகித உயர்வும் சேர்ந்துகொண்டதால் சிலர் வீடுகளை விற்றுவிட்டனர்.

அவர்களின் முக்கியக் கவலை நீதிமன்றத் தாமதம். புதிய சட்டத்தின்படி, வாடகை பாக்கியைக் காரணம் காட்டிக் கட்டாயமாக வீட்டைத் திரும்பப் பெற வேண்டுமானால், பாக்கி மூன்று மாத அளவை எட்ட வேண்டும். முன்பு இது இரண்டு மாதமாக இருந்தது. அறிவித்தல் காலமும் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகிறது. அதன் பின்னர் வழக்கு, உத்தரவு, அமலாக்க அதிகாரியின் வருகை எனக் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் வங்கிக் கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. நீதிமன்றங்கள் விரைவாகச் செயற்படாவிட்டால் சிறு உரிமையாளர்கள் சந்தையை விட்டு விலகுவர், அது இறுதியில் வாடகைதாரரையே பாதிக்கும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

குடியிருப்பவருக்கும் கடமைகள் உண்டு. வீட்டில் பழுது இருக்கிறது என்பதற்காக வாடகையை நிறுத்துவது ஆபத்தானது; அது வெளியேற்றத்துக்குச் சட்டபூர்வமான காரணத்தை உரிமையாளரின் கையில் கொடுத்துவிடும். அனுமதியின்றி அறைகளை மற்றவர்களுக்கு விடுவதும் அவ்வாறே. ஒரு வீட்டை முழுமையாக எடுத்து, அறை அறையாகப் பிரித்து நண்பர்களைக் குடியமர்த்தும் வழக்கம் லண்டனில் புதியதல்ல. ஒரே குடும்பத்தைச் சேராத ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ வசதிகளைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் தேவை. அங்கே ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கும், இருவர் உறங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. ஈஸ்ட்ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் மன்றம் 2013 இலேயே தனியார் வாடகை வீடுகளுக்குப் பரவலான உரிமத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் இல்லாத வீட்டில் வசித்தவர், கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவ்வாறு கோரக்கூடிய அதிகபட்ச அளவைப் புதிய சட்டம் 12 மாத வாடகையிலிருந்து 24 மாத வாடகையாக உயர்த்துகிறது.

உறவும் உரிமையும்

தமிழ்ச் சமூகத்துக்குள் வீடு வாடகைக்கு விடுவது பெரும்பாலும் நம்பிக்கையின் அடிப்படையில் நடக்கிறது. அந்த நம்பிக்கையால் பலர் நன்மை அடைந்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத, வங்கிக் கணக்கு இல்லாத, உத்தரவாதம் தர ஆளில்லாத ஒருவருக்கு வேறு எவரும் கதவு திறக்காத வேளையில் ஊர்க்காரர்தான் திறந்திருக்கிறார். ஆனால் பிணக்கு ஏற்படும்போது அதே உறவு வாயை அடைத்துவிடுகிறது. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டால் ஊரில் இருக்கும் பெற்றோர் காதுக்குச் செய்தி போகுமே என்று தயங்குபவரும், மூன்று மாத வாடகை பாக்கி இருந்தும் உறவு முறிந்துவிடுமே என்று பொறுத்துக்கொள்ளும் உரிமையாளரும் ஒரே சிக்கலின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேட்பதை அவநம்பிக்கையாகக் கருதும் மனப்போக்கு மாறாதவரை, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் இந்த வீடுகளின் வாசலோடு நின்றுவிடும். ஒப்பந்த நிபந்தனைகளை எழுத்தில் தரும் பொறுப்பைப் புதிய சட்டம் உரிமையாளர்மேல் வைத்திருப்பது இந்த வகையில் உதவக்கூடும். தயங்கியபடி உறவினரிடம் கேட்க வேண்டியதாக இருந்த ஒன்று, இனிச் சட்டம் கேட்பதாக ஆகிறது.

இருந்தாலும், உரிமையாளருடனேயே தங்கியிருப்பவர்களின் நிலையைச் சட்டம் பெரிதாக மாற்றவில்லை. தன் சொந்த வீட்டுக்குள் யார் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள், வேறு போக்கிடம் இல்லாமல் அந்த அறைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு உள்ளூராட்சி மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவும், ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகளும் இலவசமாக ஆலோசனை வழங்குகின்றன. ஆனால், தான் எந்த வகைக் குடியிருப்பாளர் என்பதை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டிய நேரம், பெட்டிகள் வாசலுக்கு வந்த பிறகு அல்ல. சாவியை வாங்கும் அன்றுதான்.